வைல் லூப்பின் கடைசி வரி

திருப்பதி
19-1-2025, ஞாயிறு

அன்புள்ள கன்னிகாவுக்கு,

நலம். நீயும் தரணிக்குட்டியும் நலமா? அம்மாவின் முட்டி வலி குறைந்ததா? பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்று போன் செய்தேனே, ஒரு வார்த்தையாவது உனக்குக் கேட்டதா? வீட்டில் நாலு தறி ஓடும் சத்தத்தில் "இன்னாது? இன்னாது?" என்று நீ கத்தியது நகரி பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். தம்பி தறியை நிறுத்தினால்தான் பேச முடியும். நிறுத்தினால் வீடு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் கல்யாணமான புதிதில் எழுதிக்கொண்ட மாதிரி மறுபடியும் எழுதலாமென்று ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. கம்பெனியில் என்னைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சனியும் ஞாயிறும் திருப்பதியில் வகுப்பு. இதை முடித்தால் டீம் லீடர் பதவி. அது வந்த கையோடு தடாவில் ஒரு வீடு பிடித்து உன்னையும் தரணியையும் அழைத்துக்கொள்வேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வர முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பாடம் எடுப்பது ரேஷ்மா மேடம். நேற்று வைல் லூப் நடத்தினார். ஒரு நிபந்தனை சரியாக இருக்கும் வரை, அதன் அடியில் எழுதிய வேலையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்யும். நிபந்தனை தவறியதும் நிறுத்திவிடும். அவ்வளவுதான். இதைப் பார்:

i = 1
while i <= 10:
    print(i)

நானே அடித்து ஓட்டினேன். ஒன்று முதல் பத்து வரை வரிசையாக வந்து நின்றது.

தடா ஹாஸ்டலில் கடிதங்கள் தொலைந்துபோகின்றன. கவரின் பின்னால் இருக்கும் பயிற்சி மையத்தின் விலாசத்துக்கே பதில் போடு.

உன்
கமலக்கண்ணன்


நகரி
27-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி வலி அப்படியேதான், ஆனால் வாய் வலிக்கவில்லை. தரணிக்கு ஜலதோஷம் வந்து போய்விட்டது. உங்கள் உடம்பு எப்படி?

பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரை சந்தோஷப்பட்டேன். அப்புறம் கவரைத் திருப்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தில் புதன்கிழமை முத்திரை, அதுவும் திருப்பதி முத்திரை. புதன்கிழமை நீங்கள் ஸ்ரீசிட்டி கம்பெனியில் மெஷின் முன்னால் அல்லவா இருக்க வேண்டும்? தபால் பெட்டி வரை உங்கள் கடிதம் தனியாக நடந்து போனதா?

இன்னொன்று. பொங்கலுக்கு வந்தபோது துவைக்கப் போட்ட உங்கள் பேன்ட் பையில் ஒரு விசில் இருந்தது. கேட்டதற்கு தரணிக்கு வாங்கியது என்றீர்கள். குழந்தை கண்ணில் அதைக் காட்டவே இல்லை, கிளம்பும்போது நீங்களே எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பண்டிகை நாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ரேஷ்மா மேடத்துக்கு எத்தனை வயது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தரணி சிலேட்டைக் கீழேயிருந்து மேலே துடைக்கிறாள். டீச்சர் சொல்லியும் மாற்றவில்லை. பைக்கை டயரில் ஆரம்பித்து சீட்டு வரை துடைக்கும் ஆளுக்குப் பிறந்தவள், வேறு எப்படித் துடைப்பாள்? அவளை ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நகரியிலா, தடாவிலா என்று சீக்கிரம் சொல்லுங்கள். இரண்டுங்கெட்டானாக நிற்க முடியாது.

நீங்கள் எழுதிய ப்ரோக்ராமை எதிர்வீட்டு பவ்யாவிடம் காட்டப் போகிறேன். புத்தூரில் டிப்ளமோ படிக்கிறாளே, அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

பதிலை எதிர்பார்க்கும்
கன்னிகா


திருப்பதி
9-2-2025, ஞாயிறு

அன்புள்ள கன்னிகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தரணியைப் பனியில் வெளியே விடாதே.

முத்திரைக்குக்கூடக் கணக்குக் கேட்பாய் என்று தெரிந்திருந்தால் நானே தபாலாபீசுக்குப் போய்ப் போட்டிருப்பேன். கடிதத்தைக் கூடப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றிவிட்டுப் புதன்கிழமை போட்டிருக்கிறார். இதற்குப் போய் இவ்வளவு பெரிய விசாரணையா? விசில் தரணிக்கு வாங்கியதுதான். கொடுத்தால் நாள் முழுக்க ஊதி அம்மாவின் தலையைப் பிளந்துவிடுவாள் என்று எடுத்து வந்துவிட்டேன்.

வகுப்பு நன்றாகப் போகிறது. எண்களுக்கு மட்டுமல்ல, ஆளை நிறுத்தி விசாரிக்கவும் வைல் லூப் உதவும் என்று இந்த வாரம் நடத்தினார்கள். சரியான சொல்லைச் சொல்லும் வரை கம்ப்யூட்டர் விடாது, திரும்பத் திரும்பக் கேட்கும்.

password = ""
while password != "tirumala":
    password = input("Password: ")

வேண்டுமென்றே இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மறுபடி மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை சரியாக அடித்ததும் Welcome என்று வந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பவ்யாவிடம் எல்லாம் எதற்குக் காட்டுகிறாய்? படிக்கிற பிள்ளை, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

தடா வீட்டு விஷயம் டீம் லீடர் ஆனதும்தான். அவசரப்படாதே.

உன்
கமலக்கண்ணன்


நகரி
19-2-2025

மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமென்று எழுதியிருந்தீர்கள். அதையாவது நம்பலாமென்று நினைக்கிறேன்.

ரேஷ்மா மேடத்தின் வயதைக் கேட்டிருந்தேன். கடிதத்தை நாலு தடவை புரட்டிப் பார்த்தேன், ஓரத்தில்கூட இல்லை.

பவ்யாவுக்கு ஆயிரம் வேலை ஒன்றும் இல்லை. போனிலேயே ப்ரோக்ராம் ஓட்டிப் பார்க்க ஒரு ஆப் இருக்கிறதாம். உங்கள் முதல் ப்ரோக்ராமை எழுத்து பிசகாமல் அடித்து ஓட்டினாள். 1 வந்தது. அடுத்தது 2 வருமென்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் 1. அப்புறமும் 1. திரை நிரம்பி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது, எல்லாம் 1. "அய்யோ தேவுடா! ஒண்ணு ஒண்ணுனு ஓடிக்கினே கீதுக்கா, நிக்கவே மாட்டுது" என்று அவள் பதறினாள். போன் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஆப்பை அணைத்த பிறகுதான் நின்றது.

இரண்டாவதும் அதே லட்சணம்தான். tirumala என்று சரியாகத்தான் அடித்தோம். Welcome வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சத்தமில்லாமல் முடிந்துவிட்டது. "Welcome-னு சொல்லுனு எங்கக்கா எழுதிக்கீது? எழுதாதது எப்டி வரும்?" என்று என்னையே கேட்கிறாள் பவ்யா.

நானே அடித்து ஓட்டினேன் என்று எழுதினீர்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது என்றும் எழுதினீர்கள். நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே இல்லை மாமா. உட்கார்ந்திருந்தால் முதல் ப்ரோக்ராம் நிற்காததைப் பார்த்திருப்பீர்கள்.

வகுப்பு என்று சொல்லிவிட்டு சனி, ஞாயிறு எங்கே போகிறீர்கள்? யாரோடு இருக்கிறீர்கள்? எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இதை அத்தையிடம் சொல்ல முடியாது, என் அம்மா வீட்டிலும் சொல்ல முடியாது. உங்களிடம்தான் கேட்க முடியும். மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

கன்னிகா


திருப்பதி
16-3-2025, ஞாயிறு

கன்னிகாவுக்கு,

நலம். தரணியும் அம்மாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் கடிதம் படித்து மனசு விட்டுப்போயிற்று. ஒரு வரியை எழுத மறந்தேன், அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் யாரோடு இருக்கிறாய், எங்கே போகிறாய் என்று போலீஸ் மாதிரி கேட்கிறாய். நானும் ஒன்று கேட்கலாமா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மிக்சி ஒயரைக்கூடச் சொருகத் தயங்கியவள் நீ. திடீரென்று ப்ரோக்ராமில் குற்றம் கண்டுபிடிக்க உனக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பவ்யாதானா? அவள் அண்ணன் ரமணா மொபைல் கடை வைத்திருக்கிறானே, அவனா? எதிர்வீட்டுக்கு எந்நேரமும் போய்வருகிறாய் என்று இங்கே எனக்கும் காதில் விழுகிறது.

சந்தேகப்பட எனக்கும் தெரியும். நான் படவில்லை. அதை நினைத்துப் பார்.

உனக்கு நம்பிக்கை வரட்டும் என்பதற்காக நேற்று நடத்திய புதிய ப்ரோக்ராமையும் எழுதுகிறேன். ராக்கெட் விடும்போது தலைகீழாக எண்ணுவார்களே, அது. இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதியிருக்கிறேன்.

n = 5
while n > 0:
    print(n)

5, 4, 3, 2, 1 என்று வந்து நின்றுவிடும். அந்தப் பவ்யாவிடமே காட்டு.

கமலக்கண்ணன்


நகரி
25-3-2025

தரணியின் நைனாவுக்கு,

நலம். விசாரித்ததற்கு அத்தையும் தரணியும் நன்றி சொல்லச் சொன்னார்கள். இல்லை, அவர்கள் சொல்லவில்லை, நானே எழுதிக்கொண்டேன். நீங்கள் கடிதம் போட்டதே அவர்களுக்குத் தெரியாது.

ரமணாவா! படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரமணாவுக்குப் போனில் கண்ணாடி ஒட்டத் தெரியும், அதையும் கோணலாகத்தான் ஒட்டுவான். இதை எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா? சந்தேகப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கம் சந்தேகம்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் ப்ரோக்ராம் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே யோசித்தேன். நாடாவில் போட்ட தாரில் நூல் இருக்கும் வரை தறி ஓடுகிறது. ஓட ஓட நூல் குறைகிறது, தீர்ந்ததும் தம்பி தறியை நிறுத்தி வேறு தார் போடுகிறார். நூல் குறையவே குறையாவிட்டால்? தறி எந்தக் காலத்தில் நிற்கும்? உங்கள் ப்ரோக்ராமில் i ஏறவே இல்லை. 1 எப்போதும் 1 ஆகவே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டு என்று கடைசியில் ஒரு வரி வேண்டும். பவ்யாவை i = i + 1 என்று அடிக்கச் சொன்னேன். பத்து வந்ததும் ப்ரோக்ராம் நின்றுவிட்டது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ராக்கெட்டும் கிளம்பவில்லை. 5, 5, 5 என்று அங்கேயே புகைகிறது. n குறைய வேண்டாமா?

இப்போது என் கேள்விக்கு வாருங்கள். மறதிக்காரன் ஒருநாள் தொடக்கத்தில் மறப்பான், ஒருநாள் நடுவில் மறப்பான். நீங்கள் மூன்று தடவையும் கடைசி வரியை மட்டும் மறக்கிறீர்கள். அது எப்படி? எங்கிருந்து பார்த்து எழுதுகிறீர்கள்? யார் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள்?

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் விஜயபுரத்து ஆதிநாராயணனைப் பார்த்தேன். உங்களோடு ஒரே லைனில் வேலை செய்கிறவர்தானே? "அவரு எப்படி இருக்காரு அண்ணா?" என்று கேட்டேன். "நாகு தெலீது வதினா", எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். அது விஜயபுரம் பஸ்ஸே இல்லை.

என்னவோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. தமிழ் வருஷப் பிறப்புக்காவது வாருங்கள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

கன்னிகா


திருப்பதி
20-4-2025, ஞாயிறு

அன்புள்ள கன்னிகாவுக்கு,

நலம். வெயில் கடுமையாக இருக்கிறது. தரணிக்கு மோர் கொடு.

வருஷப் பிறப்புக்கு வர லீவு கிடைக்கவில்லை. நீ வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருப்பாய், தெரியும்.

உன் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்கிறேன். எழுதினால் சரியாக வராது. என் மேல் கோபப்படு, திட்டு. ஆனால் வேறு பெண் கிண் என்று மட்டும் நினைக்காதே. தரணி மேல் சத்தியம்.

தரணியை இந்த வருஷம் நகரியிலேயே சேர்த்துவிடு. டீம் லீடர் ஆகும் வரைதான். அதுவரை பொறு.

உன்
கமலக்கண்ணன்


நகரி
2-5-2025

தரணியின் நைனாவுக்கு,

தரணிக்கு மோர் கொடுக்கிறேன். எனக்கு யாரும் கொடுப்பதில்லை, ஆனாலும் நலம்.

குழந்தை மேல் சத்தியம் செய்ததை நான் மன்னிக்க மாட்டேன். பொய் சொல்லுங்கள், அதைத்தான் ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளை இதற்குள் இழுக்காதீர்கள்.

டீம் லீடர் ஆகும் வரை பொறு என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மூன்றில் இதே வரிதான். இதுவும் ஒரு வைல் லூப். டீம் லீடர் ஆகாத வரை, கன்னிகா பொறு. சரி, பொறுக்கிறேன். உள்ளே எந்த வரி உங்களை டீம் லீடர் ஆக்குகிறது? பரீட்சை எப்போது? யார் சொன்னது? கம்பெனியில் காகிதம் ஏதாவது கொடுத்தார்களா? ஒன்றும் இல்லை. நான் பொறுக்கிறேன், நீங்கள் பொறு என்கிறீர்கள், மறுபடி பொறுக்கிறேன். பவ்யாவின் போனில் ஆப்பையாவது அணைத்தோம். நான் எதை அணைப்பது?

வேறு பெண் இல்லை என்றால் வேறு என்ன? குடியா? கேஸா? உடம்புக்கு ஏதாவதா? நல்லதாக எதையும் நினைக்க முடியவில்லை. தார் சுற்றும்போது நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன், தம்பி வந்து "இன்னா அண்ணி, தூங்கிக்கினு சுத்துறியா" என்கிறார்.

லூப்பை நடுவில் அறுத்துக்கொண்டு வெளியே வர பிரேக் என்று ஒன்று இருக்கிறதாம். பவ்யா சொன்னாள். உங்கள் வகுப்பில் நடத்திவிட்டார்களா?

கன்னிகா


திருப்பதி
8-5-2025, வியாழன்

அன்புள்ள கன்னிகாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ சாப்பிடுவதில்லை என்று தோன்றுகிறது.

பிரேக் பற்றி எழுதியிருந்தாய். நீ அம்மா வீட்டுக்குப் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. போகாதே. இங்கே கங்கம்மா ஜாத்திரை நடக்கிறது, ரோடெல்லாம் ஜனம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பி வந்துவிடாதே. வெயிலில் உன்னால் முடியாது. நானே வருகிறேன்.

நான் கெட்டவன் இல்லை கன்னிகா.

கமலக்கண்ணன்


நகரி
5-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

தரணி நலம், அத்தை நலம். நான் நன்றாகத் தூங்கினேன், ரொம்ப நாளைக்கு அப்புறம். நீங்கள் இளைத்துவிட்டீர்கள். கன்னத்து எலும்பு தெரிகிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன கடிதத்தில் வியாழன் என்று நீங்களே எழுதினீர்கள். சனி, ஞாயிறு மட்டும் திருப்பதிக்குப் போகிறவருக்கு வியாழக்கிழமை அங்கே என்ன வேலை? நானே வருகிறேன் என்றீர்கள். மே மாதம் முழுக்கப் பார்த்தேன், வரவில்லை. அதனால் நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை, தரணியை பவ்யாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வடமாலபேட்டை தாண்டும் வரை உங்களைத் திட்ட ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். ரேஷ்மாவுக்கும் தனியாகக் கொஞ்சம் சேர்த்திருந்தேன்.

பயிற்சி மையத்துக் கேட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு நீலச் சட்டை, சட்டையில் கயிறு கட்டிய ஒரு விசில். அந்த விசிலை எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.

ஆபீஸ் அறையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா பேரனுக்கு வீடியோ காலில் ரைம்ஸ் பாடிக்கொண்டிருந்தார். ரேஷ்மா மேடத்தைப் பார்க்க வேண்டுமென்றேன். "நான்தாம்மா ரேஷ்மா. தமிழா? எனக்கு ஆம்பூரு, உக்காரு" என்றார். சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சனி, ஞாயிறு வகுப்பில் கமலக்கண்ணன் என்று ஒருவர் படிக்கிறாரா என்று கேட்டேன்.

"அந்தப் பேர்ல ஸ்டூடன்ட் யாரும் இல்லியேம்மா. நம்ம செக்யூரிட்டி பேருதான் கமலக்கண்ணன். நவம்பர்லருந்து இங்கதான் கீறாரு. நல்ல மனுஷன். ஏன், சொந்தமா?"

தூரத்துச் சொந்தம் என்றேன். அப்போது அது உண்மைதான்.

திரும்பி வரும்போது வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீங்கள் இருந்தீர்கள், பனியனோடு, போர்டு துடைத்துக்கொண்டு. கீழேயிருந்து மேலே. கடைசி வரியைத் துடைத்துவிட்டு, சட்டென்று ஞாபகம் வந்தவர் மாதிரி நின்றீர்கள். பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து, மேலே மிச்சமிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துக்கொண்டு எழுதினீர்கள். துடைத்த இடத்தை வேறு கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, கூடவே உங்கள் முதுகில் ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

ஸ்ரீசிட்டி வேலை தீபாவளியோடு போய்விட்டது, இல்லையா? ஆதிநாராயணன் எதற்கு வேறு பஸ்ஸில் ஏறி ஓடினார் என்று இப்போது புரிகிறது. கேட்டில் உட்காருவது எனக்குக் கேவலமாகத் தோன்றுமென்று நினைத்தீர்களா? நாள் முழுக்கத் தார் சுற்றுகிறவளிடம் மறைக்க அதில் என்ன இருக்கிறது? இத்தனை மாதமாக இல்லாத ஒருத்தியோடு நான் சண்டை போட்டேன். அதற்காக உங்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. தீர நாளாகும், தெரிந்துகொள்ளுங்கள்.

நான் கீழே இறங்கவில்லை, மறுபடி ஆபீஸ் அறைக்குள் போனேன். மகளிர் குழு மூலமாகச் சேருகிறவர்களுக்கு இலவச வகுப்பு தொடங்குகிறது என்று சுவரில் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் ஏதாவது தெரியுமா என்று மேடம் கேட்டார். வைல் லூப் தெரியும் என்றேன். போட்டுக் காட்டச் சொன்னார், காட்டினேன். யார் சொல்லித் தந்தது என்றார். "எங்க வீட்டுக்காரரு. லெட்டர்ல" என்றேன். பொய் இல்லையே? நீங்கள் முழுசாக எழுதி அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு மண்ணும் வந்திருக்காது.

சீட் கிடைத்துவிட்டது. தரணிக்கு டி.சி.யும் வாங்கிவிட்டேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் தறி நின்றது, அப்புறம் ஓடியது. வருகிற 16-ஆம் தேதி திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். தங்க இடம் பாருங்கள். கேட்டில் என்னைப் பார்த்து யாரோ எவளோ என்று முகத்தைத் திருப்பாதீர்கள். நான் முதல் பெஞ்சில் உட்காருவேன். நான் எழுதி முடிக்காத வரை போர்டில் கை வைக்காதீர்கள்.

கன்னிகா


திருப்பதி
11-6-2025, புதன்

அன்புள்ள கன்னிகாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைக் கேட் நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் உள்ளே போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், "லைனை நிறுத்திவிட்டோம், வேறு இடம் பாருங்கள்" என்றார்கள். அடுத்த வாரம் நல்ல வேலை கிடைத்துவிடும், அப்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். அதற்கப்புறம் சொல்ல முடியாமல் போய்விட்டது. நான் சொன்னதில் டீம் லீடர் மட்டும்தான் முழுப் பொய் என்று எழுத நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன், நிறைய இருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் எல்லாம் உள்ளே படிக்கும்போது நான் வாசலில் நின்று கேட்பேன். கேட்டது புரியும். புரிந்ததை உனக்கு எழுதினால், நிஜமாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் எழுதினேன்.

பின் தெருவில் மாடியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் வருகிறது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். தறிச் சத்தம் கிடையாது, பேசினால் கேட்கும்.

ரேஷ்மா மேடத்திடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். திட்டிவிட்டு, ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு "உக்காருங்க" என்றார். அதுவரை நான் துடைத்திருக்கிறேனே தவிர அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

password = ""
while password != "tharani":
    password = input("யார்? ")
print("உள்ளே வா")

இதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேண்டுமென்றே தப்பாக அடித்தேன், யார் என்று மறுபடி கேட்டது. சரியாக அடித்ததும் உள்ளே வா என்று வந்தது. கன்னிகா, நிஜமாகவே வந்தது.

திங்கட்கிழமை காலையில் கேட்டில் இருப்பேன். விசிலைத் தரணிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு வேறு கொடுத்துவிட்டார்கள்.

உன்
கமலக்கண்ணன்


நகரி
13-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். மூட்டை கட்டியாயிற்று.

நீங்கள் எழுதியதை பவ்யாவிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே வா என்றுதான் வருகிறது.

வருகிறோம்.

கன்னிகா